மாரியாயி அக்காவின் நல்ல பிரஷர்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து ஒரே காற்று. கிளினிக் கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்தாயிற்று. பதுளையிலிருந்து தகவல்: பிரஷர் நோயாளர் பதிவேட்டின்படி பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதில் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்துக் கிளினிக்தான் முதலிடம்! அதைக் கணினியில் ஏற்றுவது நான். தலைகால் புரியவில்லை. டொக்டர் சொன்னார், "கௌசி மிஸ், அடுத்த வாரம் வட்டாரக் கூட்டத்துல நீங்கதான் பேசணும்." பசறை பேக்கரியில் கேக் சொல்ல வேண்டும். நீலச் சேலை, அயர்ன்.

ஜூலை 9, புதன்
பேச்சுக்காகப் பதிவேட்டைப் பார்த்தேன். மேல் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் பல பேருக்கு மாதாமாதம் ஒரே பிரஷர். அங்கே எல்லோருக்கும் ஒரே ரத்தமா ஓடுகிறது?

ஜூலை 11, வெள்ளி
கிளினிக் நாள். பிரஷர் அளக்கும் பிள்ளைகள் மாறி மாறி வருபவர்கள், யார் முகமும் தெரியாது. கார்டில் உள்ள பேரைக் கூப்பிட்டு, வந்து உட்காருபவரை அளப்பார்கள். இன்று பக்கத்திலேயே நின்றேன். "புஷ்பம்" என்றதும் கையை நீட்டியது மாரியாயி அக்கா. மேல் லயம், தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மடியில் லயத்துக் கார்டுகள்.

"புஷ்பம் எங்க அக்கா?"

"மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டா மிஸ். இங்க வந்தா நாள் சம்பளம் போயிருமே. ஆள் இல்லாட்டி மருந்து தரமாட்டீங்க, அதான் நான் கையக் குடுக்குறேன். எனக்கு நல்ல பிரஷர்தானே!"

முதலிடம் அக்காவுடைய கைக்குத்தான். சிரிப்பு வந்தது, பிறகு பயம். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே மெஷினோடு போனேன். புஷ்பத்துக்கு இருநூறைத் தாண்டியது. "தல சுத்தும் மிஸ், வெயிலுன்னு நெனச்சேன்." உடனே பதுளைக்கு அனுப்பினோம்.

ஜூலை 14, திங்கள்
டொக்டரிடம் சொன்னேன்.
"திருத்துனா முதலிடம் போயிருமே மிஸ்."
"போகட்டும் டொக்டர்."
நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, திருத்துங்க." அக்கா கை கொடுத்த இடமெல்லாம் 'அளக்கவில்லை'. கேக் வேண்டாமென்று போன்.

ஜூலை 15, செவ்வாய்
கூட்டம். திரையில் நாங்கள் கடைசி. நீலச் சேலையில் எழுந்து காரணத்தைச் சொன்னேன். முதலிடத்துக்குக்கூட இவ்வளவு பெருமைப்படவில்லை. தேநீர் நேரத்தில் வேறொரு கிளினிக் மிஸ் காதோடு காதாக, "எங்ககிட்டயும் ஒரு அக்கா வருவாங்க, கட்டுக் கட்டா கார்டோட."

ஜூலை 25, வெள்ளி
இன்று முதல் கிளினிக் சாயங்காலம், மலையில் வேலை விட்ட பிறகு. நல்ல கூட்டம். மாரியாயி அக்கா தன் கார்டோடு மட்டும். புஷ்பம் கொழுந்துக் கறை படிந்த கையை நீட்டினாள். நூற்று ஐம்பது. இன்னும் அதிகம்தான். ஆனால் அவளுடையது. நானே எழுதினேன்.