பத்து வருஷம் தாங்கும்

அன்புள்ள கீச்சுவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, அவருடைய முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நான் பேச்சை மாற்றிவிடுவேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மாடியில் இருந்த மருந்துக்கடைக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் பல் டாக்டர், எங்கே பார்த்த இடத்திலேயே வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டே அவருக்கு வணக்கம் வைக்கிறார். உன் அறை ஜன்னல் சிக்கிக்கொண்டு திறக்காமல் இருந்ததல்லவா, தச்சரை அழைத்துச் சீவிச் சரிசெய்தாயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு நிறம் வேண்டாம், அவளுக்கு வெளிர் நீலம்தான் பிடிக்கும் என்று அப்பாவே பெயின்ட் வாங்கி வந்து, ஆள் வைக்காமல் இரண்டு நாள் நாற்காலி மேல் நின்று அடித்தார், முழங்கால் முனகுவது அதற்குப் பிறகுதான். நீ எப்போது வருவாய் என்று கேட்காத ஆள் தெருவில் பாக்கி இல்லை. ராக்கெட் போனதும் என் பொண்ணு வந்துடுவா என்று ஊர் முழுக்கத் தமுக்கு அடித்து வைத்தவளும் நான்தான்.

ராக்கெட் போகாது, கீச்சு. நம் செயற்கைக்கோளை ஏவுவதைக் காலவரையின்றித் தள்ளிவைத்துவிட்டார்கள். அது அனுப்பும் படங்களை வைத்து மண்ணின் ஈரத்தைக் கணக்கெடுக்க இங்கே ஒரு ஆராய்ச்சிப் பிரிவு தொடங்குவதாக இருந்ததே, கோளே போகாதபோது பிரிவு எதற்கு என்று அதையும் கலைத்துவிட்டார்கள். உனக்கென்று சொல்லி வைத்திருந்த வேலை அந்தப் பிரிவில்தான் இருந்தது. வதந்தியாக இருக்கக்கூடாதா என்று நினைத்துத்தான் எங்கள் வேலையிடத்து அறிவிப்புப் பலகை முன்னால் நின்று மூன்று தடவை படித்தேன், முத்திரை குத்தி ஒட்டியிருக்கிறது. அடுத்த வருஷத்துச் செலவுப் பட்டியலில் நம் கோளின் பெயர் இல்லை, அதற்கு அடுத்த வருஷத்திலும் இல்லை.

இதில் நான் உன்னிடம் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன். என் வேலை என்னவென்று கேட்டால் வானத்துக்குப் போர்வை தைக்கிறவள் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கினாயே, அந்தப் போர்வையால் வந்த வினை. பளபளவென்ற மெல்லிய தாளும் வலையும் மாற்றி மாற்றி இருபது அடுக்கு வைத்து, வெயிலும் குளிரும் கோளின் கருவிக்குள் இறங்காதபடி ஒவ்வொரு தையலாக நான் போட்டது அது. வேலை முடிந்து நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து கோள் பெட்டிக்குள் உலர்ந்த காற்றில் இருக்கிறது, பேட்டரியைத் தனியே கழற்றிக் குளிர் அறையில் வைத்திருக்கிறோம், மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து தையல் விட்டிருக்கிறதா, ஒட்டுநாடா எழும்பியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. எங்கள் மேற்பார்வையாளர் தூசி சாரை உனக்குத் தெரியும், தும்மல் வந்தால்கூட வெளியே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தும்முகிற மனிதர். அவர் கூடத்தில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார், பெரிய பதவிக்காரர்கள் வந்து எதைக் கேட்டாலும் அதைத் தொட்டு வேலை செய்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் குறுக்கே பேசக்கூடாது. நல்ல சட்டம் என்றுதான் நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

போன மாதம் நிதித்துறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இந்த வருஷம் ஒரு ராக்கெட்டுக்குத்தான் செலவுக்கு அனுமதி, தயாராக இருப்பதோ நம் கோளும் பக்கத்துக் கூடத்துக் கோளுமாக இரண்டு. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் யாரும் சொல்லவுமில்லை. அவர்கள் கோள் இருக்கும் தூசி புகாத அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், நான் தலை முதல் கால் வரை அங்கியில், கண் மட்டும் வெளியே தெரிய இந்தப் பக்கம் நின்றேன். அதில் வயதில் சின்ன அதிகாரி மைக்கில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார், இது இப்படியே இருந்தா கெட்டுப் போயிடுமாம்மா என்று. எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷம் ஒரு நூல் பிரியாமல் வைத்திருக்கிறேன், கெட்டுப் போகுமா என்று கேட்கிறாரே என்று ரோஷம் வந்துவிட்டது. பத்து வருஷம் ஆனாலும் தாங்கும் சார், ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன் என்றேன். பதிவேட்டையும் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். தூசி சார் என் பக்கத்தில்தான் நின்றார், முகமூடிக்கு மேலே அவர் கண் படபடவென்று அடித்ததைப் பார்த்தேன், ஆனால் அவர் போட்ட சட்டத்தை அவரே மீறவில்லை. பக்கத்துக் கூடத்தில் அதே கேள்விக்கு, ஆறு மாசத்துக்கு மேல வச்சா குப்பைதான் என்று சொன்னார்களாம். ராக்கெட் அவர்களுக்குப் போய்விட்டது. உத்தரவிலேயே எழுதியிருக்கிறார்கள், பொறுப்புத் தையலாளரின் கூற்றுப்படி கோள் நீண்டகாலம் சேமிக்கத்தக்க நிலையில் இருப்பதால் என்று. இருபத்திரண்டு வருஷ வேலையில் அரசாங்கக் காகிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி வந்தது அது ஒன்றுதான், கீச்சு.

நான் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், என் மேலேயே பழி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று தூசி சார் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் உத்தரவு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்போதும், மேல விடுற காசுல இங்க ரோட்டைப் போட்டிருக்கலாம் என்று என்னை வம்புக்கு இழுப்பாரே, இனி அவருக்குக் கொண்டாட்டம்தான் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்தார். சரி, அந்தக் காசுல ரோடாவது போடுவாங்களா என்றார். தெரியவில்லை என்றேன். போட மாட்டாங்க என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

உன்னைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை ஒன்றுதான். அங்கே பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை தருகிறோம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள், நீ தவணை சொல்லிக்கொண்டே இருக்கிறாய். கொஞ்சம் பொறு, தேதி அறிவிக்கட்டும் என்று உன்னைத் தடுத்து வைத்தவளும் நான்தானே. ஐந்தாறு வருஷம் போனால் அந்தக் கருவியே பழசாகிவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதற்கப்புறம் யார் அதற்கு ராக்கெட் கொடுக்கப்போகிறார்கள். ஓய்வு பெறும் வரை நான் மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்ப்பேன், சம்பளம் கொடுக்கிறார்களே, பார்க்க வேண்டியதுதான். நீ எதற்காகக் காத்திருக்க வேண்டும்? ஒரு தடவை லீவு போட்டு வந்து பேசி முடிவெடுக்கலாம் என்றும் நினைக்காதே, வந்தால் நான் போகவிட மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

இருமல் இருந்தால் டாக்டரைப் பார், தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதே. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. நீ நீண்ட ஆயுளோடு, செய்கிற வேலைக்கு மதிப்புள்ள இடத்தில் நன்றாக இருக்க வேண்டும், அம்மா அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மறக்காமல் இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுவிடு. போட்டாயிற்று என்று ஒரு வரி எழுது, போனில் சொல்ல வேண்டாம். சந்தோஷம் என்றுதான் பதில் எழுதுவேன், நம்பிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா