குளத்தைச் சுற்றிப் போகிறவர்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் காரியம் முடிந்த பிறகும் அவள் போனை தினமும் சார்ஜ் போடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஞாயிறன்று அதில் ஒரு வீடியோ கால் வந்தது. ஒஸ்லோவில் ஒருவர், லண்டனில் ஒரு டாக்டர், மட்டக்களப்பில் உங்கள் பக்கத்து ஊர் பரீதா. வாராவாரம் இவள் மைசூரில் உட்கார்ந்து அவர்களோடு உங்கள் ஊருக்கும் பரீதாவின் ஊருக்கும் சமாதானம் பேசியிருக்கிறாள். நான் ஆபீஸ் மீட்டிங் என்று நினைத்திருந்தேன்.

என் நெட்வொர்க் வேலையே இணைப்பு எங்கே அறுந்தது என்று தேடுவதுதான். அதனால் கேட்டேன்.

"உங்கட மச்சான்ட காணிக்குள்ளால போனா எங்கட ஆக்கள அடக்கிற மையவாடி கிட்ட, மகன்," என்றார் பரீதா. "அவர் வேலி போட்டதில இருந்து மையித்தத் தூக்கிட்டுக் குளத்தச் சுத்திப் போறம்."

"நீங்க அவர்கிட்ட கேட்கலையா?"

"அவர்ட அப்பாவக் கொன்றது எங்கட ஊர் ஆக்கள். எந்த மூஞ்சியோட கேக்கிற? அவர்ட தங்கச்சிதான் கேட்டா. அதோட அவர் அவவோட பேச்ச விட்டுட்டார்."

எனக்கு அது இப்போதுதான் தெரியும்.

இங்கே மயானம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு. அவளைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு தெருவை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. ஒரு குளத்தையே சுற்றி எப்படிப் போகிறார்கள் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

வேலியை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அன்று உங்கள் அப்பாவை எந்த வழியாகத் தூக்கிப் போனீர்கள்? யார் தோள் கொடுத்தார்கள்?

பதிலை எனக்கு எழுத வேண்டாம். வரும் ஞாயிறன்று அந்த வீடியோ காலில் உங்களையும் சேர்க்கிறேன்; பரீதா வருவார். அவரிடமே சொல்லுங்கள்.

உங்கள் தங்கையின் கணவன்