அக்கி ஒட்டாது என்றார்கள்

2 பிப்ரவரி 2009, திருப்பாதிரிப்புலியூர்
இடது விலாவில் வரிசையாகக் கொப்புளம். புடவை உரசினாலே எரிகிறது. என் வீட்டுக்காரர் தவறிப்போய் இன்றோடு முப்பத்தெட்டு நாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பள்ளிக்கூடம் போனேன், பாடம் நடத்தினேன், வந்தேன்.

3 பிப்ரவரி
பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்கா பார்த்துவிட்டு, இது அக்கி, மாத்திரைக்கு அடங்காது என்றார். குயவர் ராஜாமணியைக் கூட்டி வந்தார். அவர் காவி மண்ணைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் சிங்க உருவம் எழுதினார். மூன்று நாளில் வாடிவிடுமாம். சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரிதான்.

5 பிப்ரவரி
மகள் சுவேதா சிதம்பரத்திலிருந்து வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். காய்ந்த காவியை அவளே துடைத்துவிட்டாள். கொப்புளம் உடைந்து கையெல்லாம் தண்ணீர். "அம்மையா இருந்தா கிட்டயே வந்திருக்க மாட்டேன். அக்கிதானம்மா, ஒட்டாது." நானும் அப்படித்தான் நினைத்தேன்.

6 பிப்ரவரி
வலி தாங்காமல் டாக்டரிடம் போனேன். முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்றார். சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்புக்குள் ஒடுங்கிக் கிடக்குமாம். உடம்பின் காவல் அதை அடக்கி வைத்திருக்கும். வயதாலோ மனக்கஷ்டத்தாலோ காவல் தளர்ந்தால் அக்கியாகக் கிளம்பும். அம்மை வராதவர்கள் மேல் கொப்புளத் தண்ணீர் பட்டால் அவர்களுக்கு அம்மையே வரும்.

சுவேதா துடைத்ததைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கு முன்னாடி அம்மை போட்டிருக்கா?"

இல்லை என்றேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, நாளைக்கே ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்.

வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்: என்னடி பண்ணி வச்சிருக்க, தமிழ்ச்செல்வி? பயப்படக்கூடத் தெரியலயே உனக்கு —

7 பிப்ரவரி
சுவேதாவின் ரத்தம் சோதனைக்குச் சென்னை போயிருக்கிறது.

9 பிப்ரவரி
மூன்று முறை போன் செய்தேன். முடிவு இன்னும் வரவில்லையாம்.

10 பிப்ரவரி
அவள் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதாம். எப்போதோ அம்மை வந்து போயிருக்கிறது, உடம்பு அதை மறக்கவில்லை, பயம் வேண்டாம் என்றார் டாக்டர். எப்போது வந்தது? பெற்றவளுக்குத் தெரியாமலா?

தங்கம்மாள் அக்காவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் சொன்னார்: "எம்பத்தஞ்சுல நீ பி.எட். படிக்க மெட்ராஸ்ல இருந்தியே, அப்ப ரெண்டு வயசு சுவேதாவுக்கு வந்துச்சு. உன் வூட்டுக்காரரு பன்னெண்டு நாள் லீவு போட்டு, வேப்பிலையும் கையுமா ஒக்காந்திருந்தாரு. சொன்னா பரீட்சைய வுட்டுட்டு ஓடியாந்துடுவா, சொல்லிடாதீங்கக்கான்னாரு."

இருபத்துநாலு வருஷம் என்கூடவே குடித்தனம் பண்ணீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?

11 பிப்ரவரி
லீவு. நேற்று மாலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். முகமெல்லாம் வீங்கிவிட்டது. சுவேதா கேட்டதற்கு, விலா வலி என்று சொல்லியிருக்கிறேன்.