ஹெல்மெட்டுக்குப் பட்டி பார்த்தவனுக்கு

கிளென்,

கறி ரோஸ்ட் வைக்கலாம்னு ஓவனைத் திறந்தா, உள்ள உன் பைக்கோட பெட்ரோல் டேங்க். பெயின்ட் சீக்கிரம் காயணுமாம். தூக்கி ஷெட்ல போட்டுட்டேன். ஓவன் முழுக்க நாத்தம். கறி ஃபிரிட்ஜிலேயே கிடக்கு, ராத்திரிக்கு டின் பீன்ஸைத் தின்னு.

கங்காரு மேல மோதி நீ விழுந்து ஆறு வாரமாச்சு. அன்னிலேர்ந்து வீடே மெக்கானிக் கடைதான். துணிக்கொடியில மட்கார்டைத் தொங்கவிட்ட. என் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் பூரா நீலக் கறை. அதையும் பொறுத்துக்கிட்டேன்.

ஆனா நேத்து ஷெட்ல அந்த ஹெல்மெட்டைப் பாத்தேன். உன் தலையோட ரோட்டுல அடிபட்டு விரிசல் விட்டுதே, அதேதான். விரிசலுக்குப் பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, டேங்க்குக்குப் பொருத்தமா நீலம் அடிச்சு வச்சிருக்க. "புதுசு மாதிரி இருக்குல்ல"ன்னு பக்கத்து வீட்டு மெர்வ்கிட்ட பெருமை வேற.

சுத்தியலால ஒரே போடு போட்டேன். ரெண்டாப் பொளந்துடுச்சு. மேசை மேல கிடக்கு, நல்லாப் பாத்துக்கோ. இந்த ஊர்ல அடிபடுற மண்டையெல்லாம் என் வார்டுக்குத்தான் வருது. உன்னை அங்க பாக்க எனக்குத் தெம்பில்ல.

பைக் சாவி என்கிட்ட இருக்கு. தேடாத.

நோலீன்

நீ பெயின்ட் அடிக்கக் கடன் வாங்குன கம்ப்ரஸரை எடுக்க மெர்வ் மூணு மணிக்கு வருவார். குடுத்துடு.

கோழிக்குத் தண்ணி வை.

ஓவனைப் போடுறதுக்கு முன்னாடி திறந்து பாரு. உள்ள புது ஹெல்மெட் இருக்கு. வேற எங்க வச்சாலும் உன் கண்ணுல படாது. சிவப்புதான் கிடைச்சுது. அது மேல ஒரு சொட்டு நீலம் பட்டாலும், அடுத்த போடு டேங்க் மேலதான்.