உன்னைத்தான் சொன்னாள், ஆத்தா

இன்று காலை குழந்தையின் துணிகளை வெள்ளாவிப் பானையிலிருந்து இறக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். உவர்மண்ணும் ஆவியும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. உன் சேலை மணம் அது, ஆத்தா. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்திக்கொள்வாளோ என்று நான் பயந்த மணம். இன்று அதை விட்டு நகர மனம் வரவில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மதுரையில் படித்த காலத்தில் உன் பெயருக்கு நான் ஒரு கடிதமும் போட்டதில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது என்று எல்லாவற்றையும் அய்யா பெயருக்கே எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்க, நீ இஸ்திரி மேசையில் சாய்ந்து நின்று கேட்பாயாம். உனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

உனக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். இருமினால் பயம், இருமாவிட்டாலும் பயம். அவள் துணியை இரண்டு முறை அவிக்கிறேன். “போதும் தாயி, துணிக்குக் காச்சல் வந்துரப் போகுது” என்று அய்யா சிரிக்கிறார். நீ இருந்தால் பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு என்னைத் தூங்கப் போகச் சொல்லியிருப்பாய்.

வீடு வீடாகக் கொல்லைப்புறம் போய் நின்று அழுக்கெடுத்தவள் நீ. பிள்ளைப்பேறு, சாவு என்று எது நடந்தாலும் தீட்டுத் துணியை எடுத்துக்கொண்டு, உடுத்த மாத்துத் துணி கொண்டுபோய்க் கொடுப்பது நம் குடும்பத்து வேலை. உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளும் “ஏய், வந்து எடுத்துட்டுப் போ” என்பார்கள். அந்த நீதான் ராமேஸ்வரம் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகும் தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாய். கடலிலும் தீர்த்தங்களிலும் முழுகிவிட்டு, உப்புப் பூத்த ஈரத் துணியை மூட்டை கட்டி ரயிலேறும் யாத்திரைக்காரர்களை அத்தனை வருஷமாக எல்லோரும்தான் பார்த்தார்கள். ஊற்றுத் தண்ணீரில் அலசிக் காயவைத்துத் தேய்த்து, சாயங்கால ரயிலுக்குள் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது உனக்கு மட்டும்தான். “இனிமே துணி நம்மளத் தேடி வரட்டும்” என்றாய்.

அய்யா நீலப் பெயின்ட்டில் ‘லாண்டரி’ என்று எழுதிய போர்டை மாட்டிய அன்று, போகிறவர் ஒருவர் நின்று கேட்டார்.

“என்னலே, லாந்தரு கடையா போட்டிருக்க?”

அய்யா சட்டென்று எழுந்து நின்றார். நீதான் பதில் சொன்னாய். “வெளுத்தா வெளிச்சந்தான சாமி.”

சத்திரத்து மானேஜர் யாத்திரைக்காரர்களின் மூட்டைகளை அனுப்பத் தொடங்கினார். பனைமரங்களுக்கு நடுவே கட்டிய கொடிகள் நிறைந்தன. நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அந்த மாதம், கடை அறைக்குச் சொந்தக்காரம்மா வீட்டிலிருந்து வேலைக்காரி வந்து வாசலில் நின்றாள்.

“ஏய், மருமகளுக்குப் புள்ள பொறந்திருக்கு. மாத்து எடுத்துக்கிட்டு அம்மா வரச் சொன்னாக.”

நான் முந்திக்கொண்டேன். “துணியக் கடைக்குக் கொண்டுவந்து போடச் சொல்லுங்க.”

அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். “கடையே அம்மா எடத்துலதான இருக்கு?”

போனால் பழையபடி கொல்லைப்புறம். தீட்டுத் துணி சேர்கிற இடம் என்று தெரிந்தால் சத்திரத்து மூட்டையும் நின்றுபோகும். போகாவிட்டால் கடையே இல்லை. நீ “பெத்தவ எப்படி இருக்கா?” என்று மட்டும் கேட்டாய்.

“காச்சல். முந்தாநாள்லேருந்து அதே துணியில கெடக்கு. யாரு தொடுவா?”

நீ எழுந்தாய். போகாதே என்று உன் முந்தானையைப் பிடித்தேன்.

“நீ சொல்றது சரிதான்டி. ஆனா அந்தப் புள்ள ஈரத்துல கெடக்கே.”

நான் சொன்னது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. நீயும் அப்படிச் சொல்லவில்லை. அது உன் குணம். எதிராளி சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, உன் வழியில் போய்விடுவாய்.

அந்தத் துணிகளைத் தனிப் பானையில் அவித்துத் தனிக் கொடியில் போட்டாய். யாருக்கும் தெரியாமல் முடித்திருக்கலாம். நீயோ மானேஜரிடம் நேரே போய்ச் சொன்னாய்.

“மறைச்சு வெளுக்க மாட்டேன் சாமி. பான வேற, கொடி வேற. நீங்களே வந்து பாருங்க.”

“யாத்திரை வந்தவங்க துணி. அது எப்படி ஒத்துக்க முடியும்?” என்று அவர் மூட்டைகளை நிறுத்திவிட்டார்.

கொடிகளில் காகங்கள் உட்கார்ந்தன. சிரட்டைக் கரி போடாத இஸ்திரிப் பெட்டியை அய்யா துடைத்துத் துடைத்து வைத்தார். பொழுது போக வேண்டுமே, நம் துணிகளையே எடுத்துத் தேய்த்தார்.

“பழையபடி வீடு வீடாப் போயிருவமா?” என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“போர்டுல பெயின்ட்டு வாசம் இன்னும் போகல. அதுக்குள்ள எறக்கச் சொல்றீகளே” என்றாய். குரலில் கேலி இருந்தது. ஆனால் அன்று நீ சாப்பிடவில்லை.

அந்த மருமகள் தீட்டுக் கழிந்து வெளியே வந்த பிறகு ஒரு நாள் பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக நடந்து வந்தாள். தோளில் குழந்தை, இடுப்பில் துணி மூட்டை. தெருவே பார்த்தது. நீ பதறி எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடி, குனிந்து முந்தானையை ஏந்தினாய்.

“நீங்க உக்காருங்க. நாந்தான கொண்டாந்து குடுக்கணும்” என்றாள் அவள்.

நீ திரும்பிப் பின்னால் பார்த்தாய்.

பின்னால் இஸ்திரி மேசையும் சுவரும்தான் இருந்தன. யாரைச் சொல்கிறாள் என்று தேடிய உன் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவளும் பார்த்திருக்க வேண்டும். “உங்களத்தான்க்கா” என்று மூட்டையை மேசைமேல் வைத்தாள்.

“வீட்டுல அம்மாவுக்குத் தெரியுமா தாயி?” என்று பயந்துபோய்க் கேட்டாய்.

“சொல்லிட்டுத்தான் வந்தேன். கத்துனாக. கத்தட்டும்.”

அவள் போன பிறகு வெகுநேரம் சிரித்தாய். “ஒங்க அய்யாவத்தான் சொல்றாளோன்னு பாத்தேன்டி. அவரு வெளியில கரி ஊதிக்கிட்டு இருக்காரு!” கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாய்.

பெரிய வீட்டு மருமகளே வந்த கடை என்று மற்ற வீட்டுத் துணிகளும் வரத் தொடங்கின. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் யாத்திரைக்காரர்களே விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மானேஜரும் மூட்டைகளை அனுப்பினார். கடைசிவரை நேரில் மட்டும் வரவில்லை. “மூட்ட வந்தாப் போதும், மொகம் எதுக்கு?” என்றாய். சொந்தக்காரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை, காலி செய்யச் சொல்லவும் இல்லை. பிறகு தனுஷ்கோடிக் கப்பல்காரர்களின் வெள்ளை உடுப்புகள் வந்தன. பக்கத்து அறையும் நமக்கு வேண்டியதாயிற்று. தனிப் பானை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பெற்றவள் துணி என்று யார் கொண்டுவந்தாலும் நீ மறுத்ததில்லை. கொல்லைப்புறமாகத்தான் பிறகு ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

என் பேறுக்கு நீ இல்லை. என் துணிகளை அய்யாவே அந்தப் பானையில் அவித்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

இப்போது கடை என் கையில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் தூளியில் உன் பேத்தி தூங்குகிறாள். அவளுக்கு என்னவெல்லாம் வந்துவிடுமோ என்று ஒரு நாளைக்கு எத்தனையோ பயம் எனக்கு. நீயும் என்னைப் பற்றி ஒன்று பயந்திருப்பாய், வெளியே சொல்லாமல்: எந்த வாசலில் நின்று யார் என் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவார்களோ என்று. ஊர் இன்னும் ஊராகத்தான் இருக்கிறது, அந்தப் பயம் எனக்கு அறவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று நிச்சயம், ஆத்தா. நாளைக்கு யாராவது இவளை ‘நீங்க’ என்றால், இவள் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டாள்.