பெட்டிக்குள் அடங்காத போர்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அதுவும் நான் ஏதாவது வேலை சொன்னால்தான் வலிக்கிறது, டீ குடிக்கக் கிளம்பும்போது வலிப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் என்றால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உன் தம்பியின் கம்ப்யூட்டர் விஷயம்தான். ஸ்டுடியோவை மூடி அவன் வேலை போனதிலிருந்து அவன் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். சாப்பிட வா என்றால் ‘ம்’, வெளியே போய் வா என்றால் ‘ம்’. அப்படி இருந்தவன் ஒரு நாள் தானாக வந்து, ‘நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப்போறேம்மா, வீடியோ எடிட்டிங்கை வீட்டிலிருந்தே எடுத்துச் செய்யப்போறேன்’ என்றான். எனக்கு விளங்கியதோ இல்லையோ, ஒரே மூச்சில் இவ்வளவு பேசினானே என்று தலையாட்டிவிட்டேன். ஸ்டுடியோ முதலாளி கொடுத்த பழைய ப்ராசஸர் ஒன்று அவனிடம் இருந்தது, அதற்குப் பொருந்தும் மதர்போர்டுதான் முதலில் வேண்டும், மற்றதெல்லாம் அதில்தான் வந்து மாட்டும் என்று பாடம் எடுத்தான். அம்மா பேரை வைத்தாலே எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவார்கள் போலிருக்கிறது என்றேன், சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். ‘மலிவா எதையாவது வாங்கி மாட்டிக்காதே, நான் சொல்றதை வாங்கு, காசு நான் அனுப்பறேன், நீ மண்டையை உடைச்சுக்காதே’ என்றாய். நீ சொன்ன போர்டு நல்லதுதான் என்று அவனே ஒப்புக்கொண்டான், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் மண்டையை உடைத்துக்கொள்ளத்தானே அவன் அத்தனை நாளைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தான்? அதையும் நீயே செய்துவிட்டால் அவனுக்கு என்ன மிச்சம்? போனை வைத்ததும் பழையபடி ‘ம்’முக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து உன் போனை அவன் எடுக்காததற்குக் காரணம் அதுதான். பிள்ளைகள் இரண்டு பேரும் பேசாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு நடுவில் உன் அப்பா ஒரு கூத்து அடித்தார். பையன் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரிடமும் சொல்லாமல் பட்டறையில் மிஞ்சிய நல்ல பலகையில் கம்ப்யூட்டருக்கு ஒரு பெட்டி செய்துவிட்டார். எதை அளந்து செய்தார் தெரியுமா? மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை. அலமாரி செய்தே பழகிய மனிதருக்கு வேறெப்படித் தோன்றும்? இடத்தை அளப்பது அவர் வேலை, உள்ளே என்ன வைப்பது என்பது வாங்கியவர் பாடு. மூலைகளைக் கோத்து, பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தம்பி டேப்பை எடுத்து அளந்தான். அவன் பார்த்து வைத்திருந்த மலிவான போர்டு மூன்று விரல் அகலம் அதிகம். பெட்டிக்குள் அடங்குகிற குட்டி போர்டும் கடையில் உண்டாம், ஆனால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்னதுக்கு விலை குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்று இவர் கேட்க, இதில் அப்படியில்லை என்று அவன் சொல்ல, அப்படியானால் பெரிய போர்டின் ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துவிடலாமா என்றாரே பார்க்கலாம். வீடு இரண்டுபட்டது. ‘செய்யறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா’ என்று அவன் கத்த, ‘நீ வாயைத் திறந்தாத்தானேடா கேக்கறதுக்கு’ என்று இவர் கத்த, நான் சமையலறையில் அப்படியே நின்றேன், விலக்கிவிடப் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்ற சந்தோஷம்தான்.

கத்தி ஓய்ந்ததும் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சரி, அந்த போர்டுதான் ஏன் வேண்டும், சொல் என்றார். அவன் சொன்னான். கலர் கலராக விளக்கு எரிவது தேவையில்லை, ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி உறுதியாக இருக்க வேண்டும், அது சூடாகாமல் மேலே தகடு இருக்க வேண்டும், ரேம் மாட்ட நான்கு இடம் வேண்டாம், இரண்டு போதும், பழைய ப்ராசஸரை அது ஏற்றுக்கொள்ளும் என்று கடையிலும் கேட்டுவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூ வேலை பார்த்துக் கதவு வாங்குகிறவன் முட்டாள், கீலைப் பார்த்து வாங்குகிறாய், நீ வாங்கு என்றார். மறுநாளே பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றி, பலகை சேர்த்து அகலமாக்கினார். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி அந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரிகிறது. பாலிஷ் போட்டு மறைக்கிறேன் என்றவரை, அது அப்படியே இருக்கட்டும் என்று தம்பி தடுத்துவிட்டான். போர்டை வாங்கிவந்து எல்லாவற்றையும் மாட்டி முதலில் சுவிட்சைப் போட்டபோது ஃபேன் மட்டும்தான் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவன் அசராமல் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினான், படம் வந்துவிட்டது. இப்போது ஒரு சின்ன வேலையும் கிடைத்திருக்கிறது.

ஆகவே காசும் அனுப்பாதே, போர்டும் அனுப்பாதே. இந்த முறை எடுப்பான், போன் செய். எது ஒசத்தி என்று ஆரம்பிக்காமல், எப்படிடா பண்ணினாய் என்று மட்டும் கேள், பிறகு நீ காதைக் கொடுத்தால் போதும். உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அந்த போர்டில் ரேம் இருப்பது ஓரிடத்தில்தான், இன்னோர் இடம் காலி. அதற்கும் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்றேன். ‘அது அக்காவுக்கு விட்டு வெச்சிருக்கேம்மா, வரும்போது வாங்கிட்டு வரட்டும், ஆனா நான் சொல்றதைத்தான் வாங்கணும்’ என்றான். எது என்று எனக்குத் தெரியாது, அவனிடமே கேட்டுக்கொள்.

உன் அம்மா