இளவரசியின் தோழி யார்?

மார்ச் 3, திங்கள்

வெட்கக்கேடுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து, தளபதி இளவரசியின் காலில் தைத்த முள்ளை எடுக்கும் கட்டத்தை நான்கு முறை படித்தேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, வயிறு சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன். என் வயதில் வயிற்றுப்போக்குக்கு இருக்கிற கௌரவம் காதலுக்கு இல்லை.

நாவலை எழுதியது, எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அக்கா. ஆறு மாதம்தான் மூத்தவள். நான் முன்னால் கவுண்டரில். ஞாயிறன்று நூலகத்தில் வெளியீடு. வாசகி கருத்தை நான் சொல்ல வேண்டுமாம். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன்? எங்கேயோ இடிக்கிறது.

மார்ச் 5, புதன்

இடித்தது சரிதான். ஏழாம் அத்தியாயத்தில் இளவரசிக்கு ஒரு தோழி வருகிறாள். கதவிடுக்கில் காது வைக்கிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதான் ஒவ்வொரு வம்பையும் ஆரம்பிக்கிறாள். சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரை அடிக்கிறாள். ஆத்திரத்தில் பக்கத்திலிருந்த வீட்டுக்காரரை ஓர் அடி அடித்தேன்.

அந்த அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். இத்தனை வருஷமா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே என்னை வேவு பார்த்தியாடி நீ?

மார்ச் 6, வியாழன்

சோதித்துவிட்டேன். வாசிப்புக் கண்ணாடி வாங்க வருபவர்கள் எங்களிடமுள்ள அட்டையை வாசித்துக் காட்ட வேண்டும். இன்று அட்டையை ஒளித்துவிட்டு ஏழாம் அத்தியாயத்தை நீட்டினேன். ஓய்வுபெற்ற தபால்காரர் வாசித்தார். வரிக்கு ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்றேன்.

“எழுத்தும் தெரியுதும்மா, ஆளும் தெரியுது.”

பின்னறையில் இயந்திரச் சத்தம் நின்றது. கேட்டிருப்பாளோ? கேட்கட்டும்.

மார்ச் 7, வெள்ளி

தலைவலி என்று சொல்லித் தனியாகச் சாப்பிட்டேன். இறங்கவில்லை. அவள் இல்லாமல் யாரைப் பற்றிப் பேசுவது?

மார்ச் 9, ஞாயிறு

பேசினேன். காதல் கட்டங்கள் அருமை, ஆனால் அந்தத் தோழி துளியும் நம்பும்படி இல்லை, இப்படியொரு பெண் உலகத்திலேயே இருக்க முடியாது என்றேன். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. தபால்காரருக்குப் புரையேறியது.

எல்லோரும் போனபின் அக்கா வந்தாள். நட்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

“உன்னைப் பார்த்து எழுதினேன்னு நினைச்சியா?”

நான் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

“அடிப்போடி. நீ கடையில சேர்றதுக்கு ரொம்ப முன்னாடி வாரப் பத்திரிகையில வந்த தொடர் இது. புத்தகமா போட இப்பதான் ஆள் கிடைச்சுது. நீ வேலை கேட்டு வந்த அன்னிக்கு நான்தான் அரண்டு போனேன், நான் எழுதி முடிச்ச தோழியே எந்திரிச்சு நடந்து வர்றாளேன்னு. அதான் உன்னையே பேசச் சொன்னேன்.”

சிரிப்பு தாங்காமல் அவளை ஓர் அடி அடித்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

சேர்ந்து சாப்பிட்டோம். தோழியின் முடிவைப் பற்றி மட்டும் மேடையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, பிடிக்கவில்லையா என்று மெல்லக் கேட்டாள். அழுதுவிட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எட்டாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். இன்னும் முப்பத்திரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன.